அந்தப் படத்துக்கு அர்த்தம் கேட்காதீர்கள்

வீடு வரையும் பிள்ளை கதவு போட மறந்தால் அது தனிமையில் வாடுகிறது. மரத்தில் பொந்து போட்டால் மனசுக்குள் ஏதோ காயம். மனிதனுக்குக் கை இல்லாவிட்டால் பயம், கண் பெரிதாக இருந்தால் சந்தேகக் குணம். எல்லாவற்றுக்கும் மேலாக, கறுப்புக் கிரேயானைக் கையில் எடுத்தாலே மன அழுத்தம். இந்தப் பட்டியல் வாட்ஸ்அப்பில் அவ்வப்போது உயிர்பெற்று வரும். பெற்றோர் கூட்டத்துக்குப் போன தாய்மார் சிலர், ‘உங்க பொண்ணு எப்பப் பாத்தாலும் கறுப்புலயே வரையறா, கொஞ்சம் கவனிங்க’ என்று கேட்டுவிட்டு வந்து ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெட்டியில் மற்ற கிரேயான்கள் எல்லாம் ஒடிந்துபோயிருந்தன என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பட்டியலின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. ஒரு மனிதனை வரையச் சொல்லி அதிலிருந்து பிள்ளையின் புத்திக்கூர்மையை அளக்கும் முறையை ஃபுளோரன்ஸ் குட்எனஃப் 1926-ல் வெளியிட்டார். இந்தியப் பிள்ளைகளுக்கேற்ற வடிவத்தைப் பிரமிளா பாடக் உருவாக்கினார். அது இங்கே பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. 1948-ல் ஜான் பக் ‘வீடு, மரம், மனிதன்’ சோதனையைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே கேரன் மாகோவர் எழுதிய புத்தகம், மனித உருவத்தின் எந்த உறுப்பு எந்தக் குணத்தைக் காட்டும் என்று விலாவாரியாகச் சொன்னது. பெரிய கண் என்றால் சந்தேகம் என்ற கதையெல்லாம் அந்தக் காலத்துச் சரக்குதான்.

1967-ல் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்ற உளவியலாளர் தம்பதி ஒரு வேலை செய்தார்கள். மனித உருவப் படங்கள் பலவற்றை எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் ‘இவர் பிறர்மீது சந்தேகம் கொள்பவர்’, ‘இவர் தன் அறிவைப் பற்றிக் கவலைப்படுபவர்’ என்பதுபோல் குறிப்புகளை எழுதினார்கள். எந்தப் படத்துக்கு எந்தக் குறிப்பு என்பதில் ஒழுங்கே கிடையாது. இரண்டுக்கும் உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள். பிறகு, உளநோய்க் கணிப்பில் எந்தப் பயிற்சியும் இல்லாத கல்லூரி மாணவர்களிடம் கொடுத்து, ‘என்ன தொடர்பு தெரிகிறது?’ என்று கேட்டார்கள். மாணவர்கள் தயங்காமல் சொன்னார்கள்: சந்தேகப்படுபவர் கண்ணை அழுத்தி வரைகிறார், அறிவைப் பற்றிக் கவலைப்படுபவர் தலையைப் பெரிதாக வரைகிறார். பல ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் தங்கள் நோயாளிகளிடம் ‘கண்ட’ அதே தொடர்புகள்! இல்லாத தொடர்பை, முன்பே மனசில் இருக்கும் எண்ணத்தைக் கொண்டு, இருப்பதாகவே பார்த்துவிடுகிறோம். இரண்டு தரப்பும் படத்தில் பார்த்தது தங்கள் எண்ணத்தைத்தான்.

நிறத்தின் கதை கொஞ்சம் வேறு. எஸ்தர் பர்கிட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், நல்லவராகச் சொல்லப்பட்ட உருவத்துக்குப் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த நிறத்தையும், கெட்டவராகச் சொல்லப்பட்டதற்குப் பிடிக்காத நிறத்தையும் அதிகம் எடுத்தது தெரிந்தது. ஆகவே நிறத்துக்கும் உணர்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் சராசரி. ஒரே ஒரு பிள்ளையின் ஒரே ஒரு படத்தை வைத்து நோய் சொல்ல அது போதாது. மனித உருவப் படத்தை வைத்து அறிவுத்திறனை அளக்கும் சோதனையும் அப்படித்தான். 2013-ல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் அதைப் பரிசோதித்து, இதை இனி விட்டுவிடலாம் என்றே எழுதினார்கள்.

குழந்தைகளுக்கான கலைச் சிகிச்சை என்றதும் நம்மில் பலர், பிள்ளை ஒரு படம் வரைய, நிபுணர் அதைக் கிளி எடுத்துக் கொடுத்த சீட்டுபோல் பிரித்துப் பார்த்துப் பலன் சொல்வார் என்று நினைத்துக்கொள்கிறோம். அதனால்தான் இவ்வளவு நேரம் இந்தக் கதை. சிகிச்சை நடப்பது வேறு இடத்தில். ஒரு பிள்ளை, பயிற்சி பெற்ற ஒரு சிகிச்சையாளர், ஓர் அறை, வாரந்தோறும் அதே நாள், அதே நேரம், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். வரைவது, பிசைவது, வெட்டி ஒட்டுவது, கிழிப்பது, அதை ஒருவர் பக்கத்தில் இருந்து பொறுமையாகப் பார்ப்பது. முடிந்துபோன படத்தைவிட, அது உருவாகும் நேரம்தான் மருந்து.

‘கலைச் சிகிச்சை’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். 1938-ல் காசநோயோடு சானடோரியத்தில் படுத்திருந்தபோது பொழுது போகாமல் வரைந்தார், மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார், 1942-ல் அதற்கு ஒரு பெயரும் வைத்தார். அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க் இதை மனப்பகுப்பாய்வோடு சேர்த்து வளர்த்தார். புத்தகங்கள் இந்த இரண்டு பேரிலிருந்துதான் தொடங்குகின்றன. பிள்ளைகளைப் பொறுத்தவரை வரலாறு இன்னொரு பெண்ணிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் 1898-ல் வியன்னாவில் பிறந்தவர், பௌஹாஸ் கலைப்பள்ளியில் படித்தவர், யூதர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைத் தெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். கையில் எடுத்துச் செல்ல அனுமதித்த எடைக்குள் அவர் பெரும்பாலும் அடைத்துக்கொண்டது வண்ணங்களும் காகிதமும். முகாமில் பெண்பிள்ளைகள் தங்கிய கட்டடத்தில் வகுப்பு நடத்தினார். காகிதம் தீர்ந்தபோது பழைய அலுவலகப் படிவங்களின் பின்பக்கம், பொட்டலம் கட்டிய தாள் என்று கிடைத்ததிலெல்லாம் வரைய வைத்தார், கத்தரித்து ஒட்ட வைத்தார். ‘முகாமை வரையுங்கள்’ என்று அவர் கட்டாயப்படுத்தவில்லை. பூச்சாடி, வீட்டு ஜன்னல், வண்ணத்துப்பூச்சி என்று பிள்ளைகள் வரைந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் பெயரை எழுதச் சொன்னார். மனிதர்களுக்கு எண் போட்டு ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் பெயரைத் தன் கையால் தாளில் எழுதியது என்பதை யோசித்துப் பாருங்கள். 1944 அக்டோபரில் ஃபிரீடலை ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அந்தப் பிள்ளைகளில் மிகப் பலரும் கொல்லப்பட்டார்கள். சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் தப்பின; இன்று பிராகா நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஃபிரீடலின் மாணவி ஈடித் கிராமர். 1938-ல் நியூயார்க்குக்குத் தப்பிப் போனவர், 1950-களில் அங்கே வில்ட்விக் பள்ளியில், வீட்டிலும் தெருவிலும் அடிபட்டு வந்த முரட்டுப் பையன்களோடு வேலை செய்தார். அதிலிருந்து பிறந்த புத்தகம் 1958-ல் வந்தது. கிராமர் தந்த ஒரு கருத்தை இன்றும் இத்துறையினர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: ‘மூன்றாவது கை’. பிள்ளைக்கு இரண்டு கை. அந்தக் கைகளால் முடியாத இடத்தில் மட்டும், முடியாத அளவுக்கு மட்டும், சிகிச்சையாளர் மூன்றாவது கையாக இருக்க வேண்டும். படத்தைத் திருத்தக் கூடாது, தன் ரசனையைத் திணிக்கக் கூடாது, அர்த்தம் சொல்லக் கூடாது. சொல்ல எளிது. பக்கத்தில் ஒரு பிள்ளை யானைக்கு அஞ்சு கால் போடும்போது வாயை மூடிக்கொண்டிருந்து பாருங்கள், தெரியும்.

இதையெல்லாம் நம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கோவை–திருச்சி சாலையில் பல்லடத்தைத் தாண்டி வரும் பொங்கலூரும் அதைச் சுற்றிய கிராமங்களும் ஒரு பக்கம் தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை, பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் தண்ணீர், இன்னொரு பக்கம் விசைத்தறி, ஸ்பின்னிங் மில், விடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் வேன்கள். அப்பா கட்டிங், அம்மா செக்கிங். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட். அவர்கள் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும், அல்லது தூங்குவதுபோல் படுத்திருக்கும். தென் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள், பாட்டியோடு ஊரில் விட்டுவைக்கப்பட்டு பாதியில் இங்கே அழைத்துவரப்பட்ட பிள்ளைகள் எல்லாம் ஒரே வகுப்பில். வீட்டில் பேசும் மொழி ஒன்று, பள்ளியில் வேறு. வாயால் சொல்ல இவர்களில் பலருக்குச் சொல்லும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

அப்படியொரு ஒன்பது வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு நெடுஞ்சாலையில் விபத்து. கால் முறிந்து படுக்கையில் இருக்கிறார். பையனுக்கு அன்றிலிருந்து தினமும் காலையில் வயிற்றுவலி, பள்ளியில் பேச்சு நின்றுவிட்டது. ஸ்கேன் எடுத்தாயிற்று, வயிற்றில் ஒன்றும் இல்லை. கோயிலில் கயிறும் கட்டியாயிற்று. மனநல மருத்துவர் பார்த்துவிட்டுக் கலைச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்.

அறையில் தாழ்ந்த மேசை. நாற்காலிகள் எதிரெதிரே இல்லை, மேசையின் மூலையை ஒட்டிப் போட்டிருக்கிறது. கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசுவது பயந்த பிள்ளைக்கு விசாரணைபோல் இருக்கும். இருவரும் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பாரம் குறையும். முதல் நாள் சிகிச்சையாளர் விதியைச் சொல்கிறார்: ‘இங்கே மார்க் கிடையாது கண்ணு. அழகா இருக்கணும்னு இல்லை. நீ செய்யறது எல்லாம் இந்தப் பெட்டியில இருக்கும், உன்னைக் கேக்காம யாருக்கும் காட்ட மாட்டேன். உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் பெரியவங்ககிட்டச் சொல்ல வேண்டியிருக்கும்.’ பிறகு ஒரு விளையாட்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டு தாளில் ஒரு கோடு கிறுக்குகிறார். பையன் அதை ஏதாவது ஒன்றாக மாற்ற வேண்டும். அடுத்து அவன் கிறுக்குவான், அவர் மாற்றுவார். பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் மனப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் பிரபலப்படுத்திய விளையாட்டு இது. பேசாத பையன் அந்தக் கோட்டுக்கு ஒரு வாலும் நாலு காலும் போட்டுப் பல்லியாக்குகிறான். ஒரு வார்த்தை பேசாமலே இருவருக்கும் இடையில் நாலு தடவை போக்குவரத்து நடந்துவிட்டது.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ லாரி வருகிறது. சக்கரத்தைப் போடுகிறான், அதன் மேலேயே போடுகிறான், திரும்பத் திரும்பச் சுற்றுகிறான். அழுத்தத்தில் தாள் கிழிகிறது. ‘இது அப்பாமேல ஏறுன லாரியா?’ என்று கேட்க நமக்கெல்லாம் வாய் துடிக்கும். சிகிச்சையாளர் கேட்பதில்லை. ஒரு கெட்டி அட்டையை எடுத்துக் கிழிந்த தாளுக்கு அடியில் வைக்கிறார், அவ்வளவுதான். பையன் ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் சக்கரத்தைச் சுற்றுகிறான். இப்போது தாள் தாங்குகிறது. கிராமர் சொன்ன மூன்றாவது கை இதுதான். அடுத்தடுத்த வாரங்களில் அந்த லாரிக்குக் கட்டிங் வேஸ்ட் துணியில் ஒரு ரோடு, ரோட்டில் ஒரு வேகத்தடை, ஓரத்தில் ஒரு ஆம்புலன்ஸ். ‘அக்கா, வீலு சுத்த மாட்டேங்குதுங்க்கா’ என்பதில் பேச்சு தொடங்கலாம். ‘அன்னைக்கு அப்பாவுக்கு நைட் ஷிப்டுங்க்கா’ என்பது அதற்குப் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது? முதலாவது, கையில் கொடுக்கும் பொருளின் தேர்வில். சாண்ட்ரா கேகினும் வியா லூஸ்பிரிங்கும் 1978-ல் முன்வைத்த ஒரு சட்டகம் உண்டு. பென்சில், கட்டம் போட்ட தாள், கத்தரித்த படங்கள் போன்றவை கையின் கட்டுப்பாட்டுக்குள் நிற்கும்; நினைத்த இடத்தில் கோடு நிற்கும், பிள்ளைக்கும் தைரியம் வரும். தண்ணீர் கலந்த வண்ணம் ஓடும், பரவும், கலங்கும். உணர்ச்சியையும் அதே வேகத்தில் இழுத்துவரும். ஈரக் களிமண் இன்னும் ஒரு படி மேலே, உடம்பையே உள்ளே இழுக்கும். ஏற்கெனவே கொந்தளித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு முதல் நாளே தட்டு நிறைய வண்ணத்தைக் கொடுத்தால் அது கலைச் சிகிச்சை அல்ல, கரைபுரளல். அளந்து பேசும், இறுகிப்போன பெண்ணுக்கு ஆறு மாதமும் பென்சிலே கொடுத்துக்கொண்டிருந்தால் இறுக்கம்தான் கூடும். எந்தப் பிள்ளைக்கு, எந்த வாரத்தில், எதிலிருந்து எதற்கு நகர்த்துவது என்பதுதான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தை. நல்ல ஓவியர் எல்லோரும் நல்ல சிகிச்சையாளர் ஆகிவிட முடியாததற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, வயது. சுமார் இரண்டு வயதில் கிறுக்கல், மூன்று நான்கில் தலையிலிருந்தே கால் முளைக்கும் மனிதன், ஆறு ஏழில் கீழே ஒரு தரைக்கோடும் மேலே ஒரு வானக்கோடும் போட்ட உலகம். ஒன்பது, பத்து வயதில் ‘பார்த்தது மாதிரியே இருக்கணும்’ என்ற ஆசை வரும், கை ஒத்துழைக்காது. விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-லேயே விவரித்த கட்டம் இது. உலகம் முழுக்கப் பெரும்பாலான பிள்ளைகள் ஓவியத்தைக் கைவிடுவது ஏறத்தாழ இங்கேதான். ஆகவே 14 வயதுப் பெண்ணிடம் தாளையும் பென்சிலையும் நீட்டினால், ‘எனக்கு டிராயிங் வராதுங்க மிஸ்’ என்ற பதில்தான் வரும். அவளிடம் பழைய வாரப் பத்திரிகைகளையும் கத்தரிக்கோலையும் கொடுக்கலாம். காமிக்ஸ் கட்டம் போட்டுக் கொடுக்கலாம். நம் ஊரில் இருக்கவே இருக்கிறது துணி. கட்டிங் மேசையிலிருந்து விழும் பனியன் துண்டு, மிச்ச நூல், காலியான காகிதக் கோன் என இந்த வட்டாரத்தில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் சரக்கு, வெளிநாட்டில் கலைச் சிகிச்சை அறைகளுக்காகக் காசு கொடுத்து வாங்கும் பொருள்களைவிட எந்த விதத்திலும் மட்டமில்லை. தைக்கத் தெரிந்த பெண்ணுக்கு ஊசி ஏற்கெனவே சொந்தக் கருவி. கிழிந்ததைத் தைப்பதா, நன்றாக இருப்பதைக் கிழிப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

மூன்றாவது, பேச்சு. ஜூலியன் கிராஸ், ஹார்லீன் ஹெயின் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம், சந்தோஷமாக, சோகமாக, பயமாக இருந்த தருணங்களைச் சொல்லச் சொன்னார்கள். வெறுமனே சொன்ன பிள்ளைகளைவிட, வரைந்துகொண்டே சொன்ன பிள்ளைகள் இரண்டு மடங்குக்கு மேல் தகவல் சொன்னார்கள். படம் தகவல் தரவில்லை; வரையும் கை நாக்கை அவிழ்த்துவிட்டது. ஆனால் இதே வாசலில் ஓர் ஆபத்தும் நிற்கிறது. மேகி பிரக்கும் ஸ்டீபன் சேசியும் பங்கேற்ற 2000-ஆம் ஆண்டு ஆய்வில், நடந்ததோடு நடக்காததையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வரைய வைத்தார்கள். வரைந்த பிள்ளைகள் நடந்ததை நன்றாக நினைவுகூர்ந்தார்கள், நடக்காததையும் நடந்ததாக அதிகம் சொன்னார்கள். பெரியவர் தன் சந்தேகத்தைக் கேள்வியாக்கிப் பிள்ளையின் காதில் போட்டு, ‘அதை வரைஞ்சு காட்டு’ என்று சொல்வது எவ்வளவு விபரீதம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். குறிப்பாகப் பாலியல் கொடுமை பற்றிய சந்தேகங்களில். படம் சாட்சி ஆகாது. பிள்ளை தன் வாயால் சொன்னால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். விசாரிப்பது நம் வேலையல்ல.

நாலாவதுதான் என்னை ஆச்சரியப்பட வைத்தது. ‘மனசுல இருக்கறதை எல்லாம் கொட்டி வரைஞ்சுடு, லேசாயிடும்’ என்று நாம் நம்புகிறோம். ஜெனிஃபர் டிரேக், எல்லன் வின்னர் இருவரும் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் ஏமாற்றம் தந்த ஒரு சம்பவத்தை நினைக்கச் சொல்லிவிட்டு, சிலரை அந்தச் சம்பவத்தையே வரையச் சொன்னார்கள், சிலரை சம்பந்தமே இல்லாமல் ஒரு வீட்டை வரையச் சொன்னார்கள். மனநிலை நன்றாகத் தேறியது வீடு வரைந்தவர்களுக்கு. 2013-ல் வெளிவந்த ஆய்வு இது. பத்து நிமிட வேலைக்கும் மாதக்கணக்கான சிகிச்சைக்கும் வித்தியாசம் உண்டு. இருந்தாலும், முகாமை வரையச் சொல்லாமல் பூச்சாடியை வரைய விட்ட ஃபிரீடலுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேதனையின் பக்கம் போவதும் போகாமல் சுற்றிவருவதும் பிள்ளையின் உரிமை. லாரிக்கு முன்னால் பல்லி வந்ததே, அது வீண் பொழுதல்ல.

சரி, குணமாகிறதா? கிரிஜா கைமல் அமெரிக்காவில் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள்: 39 பேர் 45 நிமிடம் படைப்பு வேலை செய்தார்கள், சுமார் 75 சதவீதம் பேருக்கு உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது, ஓவியம் தெரிந்தவர் தெரியாதவர் என்ற பேதம் இல்லை. நல்ல செய்திதான், ஆனால் அவர்கள் பெரியவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. பிள்ளைகளிடம் வருவோம். 2010-ல் டென்வரில் ஆஸ்துமா உள்ள 22 பிள்ளைகளைப் பிரித்து ஒரு குழுவுக்கு வாரம் ஒன்றாக ஏழு அமர்வு கொடுத்தபோது, அந்தக் குழுவில் பதற்றம் குறைந்தது, மாதங்கள் கழித்தும் சில பலன்கள் நீடித்தன. 2007-ல் மருத்துவமனையில் தங்கியிருந்த மனவடு கொண்ட வளரிளம் பருவத்தினர் 29 பேரிடம் நடந்த ஆய்விலும், சாதாரண கைவேலை வகுப்பைவிடக் கலைச் சிகிச்சையில் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் அதற்கு முன் 2001-ல், விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளிடம் லிண்டா சாப்மன் குழு சோதித்தபோது, வழக்கமான கவனிப்பைவிட மேலான பலன் புள்ளிக்கணக்கில் நிற்கவில்லை. எண்களைப் பாருங்கள்: 22, 29. ஒரு பள்ளியின் ஒரு வகுப்பில் இதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்பிக்கை தரும் சிகிச்சை, நிரூபணம் இன்னும் மெல்லியது. இதைத் தாண்டி யாராவது ‘நூறு சதவீத உத்தரவாதம்’ என்று போர்டு மாட்டியிருந்தால் அந்தப் படி ஏற வேண்டாம்.

தமிழ்ப் பிள்ளைகளிடம் இது எங்கே வேர்பிடித்தது என்று கேட்டால் இலங்கையின் மட்டக்களப்பைச் சொல்ல வேண்டும். போர் நடந்துகொண்டிருந்த 1996-ல், போல் ஹோகன் என்ற கனடிய ஓவியரும் போல் சற்குணநாயகம் என்ற இயேசு சபைப் பாதிரியாரும் அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளைப் பஸ்ஸில் அழைத்துவந்து, வாரம் ஒரு நாள், மாதக்கணக்கில், களிமண்ணும் வண்ணமும் கதையும் விலங்குகளுமாய் விட்டார்கள். கூட இருந்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். போரை அவர்களும் உடம்பில் சுமந்தவர்கள். ‘உனக்கு என்ன நடந்தது, வரை’ என்று தொடங்கும் இடமல்ல அது. கூட்டமாக வரும் பிள்ளைகளில் ஒதுங்கி நிற்கும் ஒன்றைப் பார்த்து, அதோடு ஒருவர் தனியே உட்காரும் வழக்கமும் அங்கே இருந்தது.

சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் ஒரு முறையான ஆய்வு நடந்தது. கிளாடியா கட்டானி குழு 2009-ல் வெளியிட்டது. முகாமில் இருந்த, போரும் சுனாமியும் சேர்ந்து தாக்கிய 31 தமிழ்ப் பிள்ளைகள், வயது 8 முதல் 14. குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் ஆறு அமர்வு கதைசொல்லல் சிகிச்சை: கயிற்றைத் தரையில் விரித்து அதுதான் உன் வாழ்க்கை என்று சொல்லி, நல்ல நாளுக்குப் பூவும் கெட்ட நாளுக்குக் கல்லும் வைத்து, வேண்டிய இடத்தில் படம் வரைந்து, பிறப்பிலிருந்து இன்றுவரை கதையைக் கோக்கும் முறை. மறு பாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர் ஆலோசகர்களே நடத்தினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் 81 சதவீதம், இரண்டாம் குழுவில் 71 சதவீதம் தேறியிருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசமில்லை. இது கலைச் சிகிச்சை என்ற பெயரில் நடந்ததல்ல. ஆனாலும் நமக்கு வேண்டிய தகவல் இதில் இருக்கிறது: வெளிநாட்டு நிபுணர் கட்டாயமில்லை, உள்ளூர் ஆள், முறையான பயிற்சி, ஒரு பிள்ளைக்கு ஒருவர், ஆறே அமர்வு.

நம் பக்கம் நிலைமை என்ன? 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி இந்தியாவில் 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு உண்டு. 40 பேர் வகுப்பில் மூன்று பேர். பிரிட்டனில் கலைச் சிகிச்சையாளர் என்ற பட்டத்தையே பதிவு பெறாதவர் போட்டுக்கொள்ள முடியாது. இந்தியாவில் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில்தான் கலை, நடன சிகிச்சையாளர்களும் இடம்பெற்றார்கள். நடைமுறை இன்னும் முழுமையாகக் காலூன்றவில்லை. வாரக்கடைசியில் ஒரு ஆன்லைன் வகுப்பு முடித்தவரும் ‘ஆர்ட் தெரபிஸ்ட்’ என்று போட்டுக்கொள்கிறார். ஆகவே பெற்றோர் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்: எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள்? உங்கள் வேலையை மேற்பார்க்கும் மூத்தவர் யார்? பிள்ளையின் படத்தை முகநூலில் போடுவீர்களா? முதல் அமர்விலேயே படத்தைப் பார்த்து நோய் சொல்பவரிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அதேபோல், ‘ஏனுங்க மேடம், பையன் என்னதான் வரையறான்?’ என்று அறை வாசலில் கேட்கும் அம்மாவுக்கு நல்ல சிகிச்சையாளர் சொல்லும் பதில், ‘அவனாக் காட்டினாப் பாருங்க, நான் காட்ட மாட்டேன்’ என்பதாகத்தான் இருக்கும். அதற்குக் கோபப்பட வேண்டாம்.

அரசுப் பள்ளிகளில் 2022-லிருந்து கலைத் திருவிழா நடக்கிறது, நல்ல காரியம். ஆனால் அது போட்டி. முதல் பரிசு ஒருவருக்குத்தான். பேசாத பையனுக்கு வேண்டியது பரிசு இல்லாத ஒரு மேசை. அது சிகிச்சை ஆகிவிடாது என்றாலும், பள்ளி ஒவ்வொன்றும் அப்படியொரு மேசையைப் போட முடியும். சரக்குக்குப் பனியன் கம்பெனியில் ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் கேட்டால் இல்லை என்று சொல்லும் முதலாளி இந்த வட்டாரத்தில் இருக்க மாட்டார். ஆசிரியர்கள் செய்ய வேண்டிய இன்னொன்று, பரீட்சை நெருங்கும்போது ஓவிய வகுப்பைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வதை நிறுத்துவது.

பிள்ளையிடம் மாற்றம் தெரிந்து வாரங்கள் ஆகியும் மாறாவிட்டால், தூக்கம், சாப்பாடு, பள்ளி மூன்றில் ஒன்று கெட்டுப்போனால், படத்தை எடுத்துவைத்து ஆராய வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்யலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்கு யாராலாவது ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.